உஷார்! விலை போகாத வீட்டை மோப்பம் பிடிக்கிறார்கள்!

வீட்டை விற்க விளம்பரம் கொடுத்து ஆறு மாதம் ஆகிறதா? பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பக் கூப்பிடவில்லையா? இனிமேல் கூப்பிடுகிறவர்களிடம்தான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் ஓடினால், வீட்டுக்காரர் நொந்துபோயிருக்கிறார் என்பது சிலருக்குச் சட்டென்று புரிந்துவிடும். மகள் கல்யாணம், பேங்க் கடன் என்று புரோக்கரிடம் நீங்களே புலம்பியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

போனில் வரும் 'மிலிட்டரிக்காரர்'

"மிலிட்டரியில இருக்கேன் சார். அடுத்த மாசம் உங்க ஊருக்கு மாற்றல். போட்டோவே போதும், வீடு பிடிச்சிருக்கு. டோக்கன் அட்வான்ஸ் இப்பவே போட்டுடறேன்." வீட்டைப் பார்க்காமல், பேரம் பேசாமல் பணம் போடுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார்? அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு வரும். "ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க, பணம் ஏறிடும்" என்பார். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. போட்டால் போவது உங்கள் பணம்! ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கெடு இல்லாத அக்ரிமென்ட்

இது வீட்டையே முடக்கிவிடும். புரோக்கர் ஒரு பார்ட்டியை அழைத்து வருவார். நீங்கள் சொன்ன விலைக்கே அவர் சம்மதிப்பார். ஆனால் 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு அட்வான்ஸ் வெறும் 50 ஆயிரம். கிரயம் முடிக்க வேண்டிய தேதி இருக்கும் இடத்தில் வெறும் கோடு. "அப்புறம் நிரப்பிக்கலாம் சார், நம்ம ஆளுதான்." கையெழுத்துப் போட்டீர்களோ, மாட்டினீர்கள்! கூடுதல் விலைக்கு வேறு ஆள் பிடிக்கும்வரை அந்தப் பார்ட்டி இழுத்தடிப்பார்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதை முறைப்படி ரத்து செய்யாதவரை அடுத்த பார்ட்டி கிட்டே வரமாட்டார். கிரயம் செய்துதரக் கேட்டு வழக்குப் போட, அக்ரிமென்ட் போட்டவருக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. தேதியே குறிக்கவில்லை என்றால், நீங்கள் மறுத்தது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் அந்த 3 ஆண்டு தொடங்கும்.

"பவர் கொடுங்க, நீங்க எதுக்கு அலையணும்?"

பவர் (உங்கள் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்திருப்பதால் மட்டும் யாரும் வீட்டுக்கு உரிமையாளர் ஆகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்னது உண்மைதான். அதனால் மெத்தனமாக இருந்துவிடாதீர்கள். உங்கள் சார்பாக வேறொருவருக்குக் கிரயம் செய்துகொடுக்க அந்தப் பவர் போதும். பவர் வாங்கியவர் உங்களுக்குப் பணமும் கொடுத்திருந்தால், அதை ரத்து செய்வதும் சிக்கல்.

அப்படியானால் எப்படி விற்பது?

விலையை இறக்குங்கள், நிபந்தனைகளை இறக்காதீர்கள்.

• அட்வான்ஸ் பேங்க் வழியாகத்தான் வர வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம்.

• தேதியை எழுதுங்கள். தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள்.

• முழுப் பணமும் கணக்கில் ஏறும்வரை மூலப் பத்திரத்தையும் சாவியையும் கொடுக்காதீர்கள்.

• விலையைக் குறைக்கும்முன் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். அது கிரய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், கைக்கு வராத பணத்துக்கும் சேர்த்து மூலதன ஆதாய வரி விழும்.

இன்றே பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பதிவு ஏதாவது கண்ணில் பட்டால், விற்பனைப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் வக்கீலைப் பாருங்கள்!