தரிஃபா: காற்று வகுக்கும் விண்ட்சர்ஃபிங் பயணம்

தரிஃபா என்பது ஸ்பெயின் நாட்டின் அந்தலூசியாப் பகுதியில், காடிஸ் மாகாணத்தில் உள்ள சிறிய கடற்கரை நகரம். ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்கோடி முனை இங்குதான் உள்ளது. முனையின் ஒரு பக்கம் மத்தியதரைக் கடல்; மறுபக்கம் அட்லாண்டிக் பெருங்கடல்; எதிரே சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் ஆப்பிரிக்கா. இரு கண்டங்களுக்கும் இடையிலுள்ள ஜிப்ரால்டர் நீரிணை வழியே ஆண்டின் பெரும்பாலான நாட்களில் பலத்த காற்று வீசுகிறது. 1980கள் முதல் இந்தக் காற்றைத் தேடி விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்ப்பலகை விளையாட்டு வீரர்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை பொருத்திய கேம்பர்வேனில் வந்து தங்குகிறார்கள். இத்தகைய பயணத்தில் எந்த நாளில் கடலில் இறங்குவது, எந்த நாளில் ஊர் சுற்றிப் பார்ப்பது, வேனை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் காற்றே தீர்மானிக்கிறது. ஆகவே காற்றை அறிவதே பயணத்தின் முதல் வேலை.

இரண்டு காற்றுகள்

தமிழில் கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் மேல்காற்றைக் கோடை என்றும் சொல்வது போல, தரிஃபா மக்களும் தங்கள் காற்றுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே. மேற்கிலிருந்து வருவது போனியெந்தே. சூரியன் எழும் திசை, விழும் திசை என்பதே இப்பெயர்களின் பொருள்.

நீரிணையின் வடக்கே ஸ்பெயினின் மலைத்தொடர்களும் தெற்கே மொரோக்கோவின் ரிஃப் மலைகளும் உள்ளன. வடக்கே காற்றழுத்தம் உயர்ந்தும் தெற்கே வட ஆப்பிரிக்காவில் தாழ்ந்தும் இருக்கும்போது மத்தியதரைக் கடலின் காற்று மேற்கு நோக்கித் தள்ளப்படுகிறது. மலைகளுக்கு இடையே அதற்குக் கிடைக்கும் வழி குறுகலானது. அகன்ற வாய்க்கால் ஒடுங்கும் இடத்தில் நீர் வேகமெடுப்பது போலக் காற்றும் வேகமெடுக்கிறது. தரிஃபா அந்த ஒடுக்கத்தின் மேற்கு வாயிலில் அமைந்திருப்பதால் லெவாந்தேயின் முழு வேகமும் அங்கே தெரிகிறது. தொடங்கினால் பல நாட்கள் ஓயாமல் வீசுவதும், இடையிடையே திடீர் வீச்சுகளாக வலுப்பதும் இதன் இயல்பு. 

இதே காற்று கிழக்கே ஜிப்ரால்டர் பாறையில் மோதும்போது ஈரத்தோடு மேலெழுந்து, பாறையின் உச்சியில் மேகமாகப் படிகிறது. போனியெந்தே அட்லாண்டிக்கிலிருந்து வருவதால் குளிர்ந்தது, பெரும்பாலும் சீரானது. புதிதாகப் பழகுவோருக்கு லெவாந்தேயைவிட இதுவே ஏற்றது.

பலகையும் பாயும்

விண்ட்சர்ஃபிங்கில் வீரர் மிதவைப் பலகைமீது நின்று, எல்லாப் பக்கமும் சாயக்கூடிய மூட்டில் பொருத்திய பாய்மரத்தைக் கையால் பிடித்துச் செலுத்துகிறார். சுக்கான் கிடையாது. பாயை முன்புறம் சாய்த்தால் பலகை காற்றுக்கு விலகித் திரும்பும். பின்புறம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்த கருவியை அமெரிக்கரான ஜிம் டிரேக்கும் ஹாயல் ஷ்வைட்சரும் 1960களின் இறுதியில் உருவாக்கினர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் இது தனிப் போட்டியானது.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் பாயின்மீது விழும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். 15 நாட் என்பது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகம். 30 நாட் என்பது சுமார் 56 கிலோமீட்டர். 15 நாட் காற்றில் 6 அல்லது 7 சதுர மீட்டர் பாயைப் பிடிக்கும் அதே ஆள், 30 நாட் காற்றில் 4 சதுர மீட்டர் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். இதனால்தான் தரிஃபாவுக்கு வருவோர் ஒரே பாயோடு வருவதில்லை. மூன்று நான்கு அளவுகளைக் கொண்டு வருகிறார்கள். கோடையிலும் அட்லாண்டிக் நீர் குளிர்ச்சியாகவே இருப்பதால் உடல் வெப்பம் காக்கும் நீச்சல் உடையும் தேவை.

கடலில் கவனிக்க வேண்டியவை

நகரத்தை ஒட்டித் தொடங்கும் லோஸ் லான்செஸ் கடற்கரையில் லெவாந்தே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. இதுவே இங்குள்ள பெரிய ஆபத்து. கரையோரத்தில் அலை எழாததால் கடல் அமைதியாகத் தோன்றும். சற்று உள்ளே போனதும் காற்றும் அலையும் கூடும். பாய்மரமோ மூட்டோ உடைந்தால் காற்று ஆளைத் திறந்த அட்லாண்டிக்கை நோக்கி இழுத்துச் செல்லும். நீரிணையின் மேற்பரப்பு நீரோ கிழக்கே மத்தியதரைக் கடலுக்குள் பாய்கிறது. காற்று ஒரு திசை, நீரோட்டம் மறு திசை என்பதால் அலைகள் செங்குத்தாக எழும். உலகின் நெரிசல் மிக்க கப்பல் வழிகளில் ஒன்றும் இதே நீரிணைதான்.

ஆகவே தனியாக இறங்கக் கூடாது. கரையில் ஒருவருக்கு நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கருவி பழுதானால் பலகையை விட்டு நீந்தக் கூடாது. பலகை மிதக்கும், தேடுவோரின் கண்ணுக்கும் எளிதில் படும். இரு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தித் தாழ்த்துவது உதவி கேட்கும் பொதுச் சைகை. ஸ்பெயினில் அவசர அழைப்பு எண் 112.

வடமேற்கே உள்ள வால்தேவாக்கேரோஸ் விரிகுடாவில் கரை வளைந்து திரும்புவதால், அதன் மேற்குக் கோடியில் லெவாந்தே கரையை நோக்கி வீசுகிறது. அங்கே குவிந்துள்ள மணல்மேடு இதற்குச் சான்று. காற்று அள்ளிக் கொட்டும் மணல் பக்கத்துச் சாலையை மூடிவிடுவதும், இயந்திரங்கள் வந்து அதை அகற்றுவதும் வழக்கமான காட்சி.

கேம்பர்வேன்: வசதியும் பொறுப்பும்

இந்தப் பயணத்துக்கு வேன் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. பாய்மரம் இரண்டு துண்டாகக் கழலும், பாய் சுருளும், பலத்த காற்றுக்கான பலகை பெரும்பாலும் இரண்டரை மீட்டருக்குள் அடங்கும். எல்லாவற்றையும் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, காற்றின் திசை மாறினால் அரை மணி நேரத்தில் வேறு கடற்கரைக்குப் போய்விடலாம்.

ஆனால் உயரமான வேனின் பக்கச்சுவரும் ஒரு பாய்தான். மலைமறைவிலிருந்து திறந்தவெளிக்கு வரும் சாலை வளைவுகளில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். நிறுத்தும்போது வண்டியின் முகம் காற்றைப் பார்த்திருப்பது நல்லது. பின்புறம் காற்றுக்கு இருந்தால் திறக்கும் முன்கதவு கையைவிட்டுப் பறந்து மடக்குக் கீல் வளைந்துவிடும். மேலெழும் துணிக்கூரையைப் பலத்த காற்றில் இறக்கிவைக்க வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பெயினின் போக்குவரத்து நடைமுறைப்படி, சக்கரங்கள் மட்டும் தரையில் இருக்க, தன் உடலளவுக்குள் நிற்கும் வேன் ‘நிறுத்தப்பட்ட வண்டி’. பந்தல் விரித்து, நாற்காலி மேசை போட்டால் அது முகாமிடுதல் ஆகிவிடும். தரிஃபாவின் கரைப்பகுதியில் பெரும்பகுதி 2003இல் அறிவிக்கப்பட்ட நீரிணை இயற்கைப் பூங்காவுக்குள் வருகிறது. அங்கே கட்டுப்பாடு இன்னும் கடுமை. அனுமதி பெற்ற முகாம்களில் இரவு தங்குவதே முறை.

இந்தக் கட்டுப்பாடு வெறும் சம்பிரதாயம் அல்ல. 2025 ஆகஸ்டில் தரிஃபாவை அடுத்த முகாம் ஒன்றில் நின்ற வேனில் பற்றிய தீ, பலத்த காற்றால் அருகிலிருந்த மலைச்சரிவுக்குத் தாவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. உலர்ந்த கோடையில் வேனுக்கு வெளியே அடுப்பு மூட்டாமலிருப்பதும், எரிவாயுக் குழாயைச் சோதிப்பதும், தீயணைப்பான் வைத்திருப்பதும் பயணியின் கடமை.

காற்று அனுமதிக்காத நாட்களில்

லெவாந்தே மிஞ்சினால் கடலில் இறங்க முடியாது. சுமார் ஒரு மணி நேரத்தில் மொரோக்கோவின் தாஞ்சியருக்குப் போகும் படகும் அப்போது பலமுறை நிறுத்தப்படும். அந்த நாட்கள் ஊர் பார்க்க உகந்தவை.

தரிஃபாவின் பெயர், 710இல் இங்கு வந்திறங்கிய தாரிஃப் இப்னு மாலிக் என்ற படைத்தலைவரிடமிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. நகரிலுள்ள கோட்டையை 960இல் கோர்தோபா கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டுவித்தார். 1292இல் நகரம் காஸ்டீல் அரசர் நான்காம் சாஞ்சோவின் வசமானது. பழைய நகரின் ஒடுங்கிய தெருக்களில் காற்றின் வேகம் தணிந்துவிடும்.

வடமேற்கே பொலோனியா கடற்கரையில் பெலோ கிளாவ்தியா என்ற ரோமானிய நகரின் இடிபாடுகள் உள்ளன. சூரை மீனை உப்பிடுவதும், ‘காரும்’ என்ற மீன்சாறு தயாரிப்பதும் இந்நகரின் தொழில். மீன் ஊறவைத்த தொட்டிகள், சந்தை, கோயில்கள், அரங்கம் ஆகியவற்றை இன்றும் காணலாம். பிரெஞ்சு அறிஞர் பியேர் பாரி 1917இல் இங்கே அகழாய்வைத் தொடங்கினார். இளவேனிலில் மத்தியதரைக் கடலுக்குள் நுழையும் சூரை மீன்களை நிலைவலை கட்டிப் பிடிக்கும் ‘அல்மத்ராபா’ முறை இக்கரையில் இன்னும் வழக்கில் உள்ளது. அருகிலுள்ள 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த மணற்குன்று 2001இல் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. காற்று தணிந்த நாளில்தான் அதில் ஏற வேண்டும். மற்ற நாட்களில் மணல் ஊசியாகக் குத்தும்.

காற்றுக்காகக் காத்திருக்கும் பறவைகள்

வெண்ணாரைகளும் கரும்பருந்துகளும் தேன்பருந்துகளும் கோடையின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழி இதுவே. இவை நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றில் மிதந்து செல்பவை. கடல்மேல் அது கிடைக்காததால் மிகக் குறுகிய இடத்தில் கடக்கின்றன. லெவாந்தே பலமாக வீசினால் கடலுக்குள் அடித்துச் செல்லப்படும் என்பதால் ஆயிரக்கணக்கில் கரையிலேயே தங்கிக் காற்றுத் தணியக் காத்திருக்கின்றன. 

மலைமுகடுகளில் நிற்கும் காற்றாலைகள் கழுகுகளுக்கு ஆபத்தாக இருந்தன. கழுகுகள் நெருங்கும்போது குறிப்பிட்ட காற்றாலைகளை மட்டும் நிறுத்தும் முறை வந்தபின் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் இழப்பு மிகச் சொற்பம்.

பத்து நாள் பயணத்தில் நான்கைந்து நாட்கள் கடலில் கிடைத்தாலும் அது நிறைவான பயணமே. மீதி நாட்களைக் கோட்டைக்கும் இடிபாடுகளுக்கும் பறவைகளுக்கும் ஒதுக்கி வைத்துப் புறப்படுபவர், காற்று மிஞ்சிய நாளில் கடலில் இறங்கத் துணியமாட்டார்.