மருந்து கேட்காத படர்தாமரையும் வீட்டுப் பூனையும்

“இரண்டு மாதமாக மாத்திரை கொடுக்கிறோம், குழந்தையின் தலையில் படர்தாமரை குறையவே இல்லை. எந்த மருந்து கேட்கும் என்று சோதித்துப் பார்க்க முடியாதா, டாக்டர்?” தோல் நோய்ப் பிரிவில் பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. முடியும். ஆனால் அதற்கு முன் நான் ஒன்று கேட்பதுண்டு: வீட்டில் பூனை இருக்கிறதா?

நம் நாட்டில் பெரியவர்களின் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வரும் படர்தாமரை பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ட்ரைக்கோபைட்டன் வகைப் பூஞ்சையினால் ஏற்படுவது. பூனையோடு விளையாடும் குழந்தையின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்தாலோ, முகத்திலும் கைகளிலும் புதிய வட்டங்கள் தோன்றினாலோ, மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் வேறொரு பூஞ்சையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘கேனிஸ்’ என்பது நாயைக் குறிக்கும் லத்தீன் சொல். பழி நாய்க்குப் போனாலும், இப்பூஞ்சையின் முதன்மையான இருப்பிடம் பூனையே. சில பூனைகள், குறிப்பாக நீண்ட முடி கொண்டவை, எந்த அடையாளமும் இன்றி அதைச் சுமந்து திரியும்.

பூஞ்சை மாறினால் மருந்தும் மாறும். தலையில் வரும் ட்ரைக்கோபைட்டனுக்கு நன்கு பயன்படும் டெர்பினாஃபின், மைக்ரோஸ்போரத்திற்கு அவ்வளவு உதவுவதில்லை. அங்கே பழைய கிரிசியோஃபுல்வினே கைகொடுக்கிறது.

பரிசோதனை எவ்வாறு நடக்கிறது? சுரண்டி எடுத்த செதிலையும் முடியையும் முதலில் நுண்ணோக்கியில் பார்க்கிறோம். அது பூஞ்சை உண்டா இல்லையா என்று மட்டுமே சொல்லும். எந்தப் பூஞ்சை என்று அறிய அதை ஆய்வகத்தில் வளர்க்க வேண்டும். அதற்கே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். அதன் பிறகுதான் மருந்து உணர்திறன் சோதனை. சிறு குழிகள் கொண்ட தட்டில் மருந்தைப் படிப்படியாகப் பாதியாக நீர்த்து நிரப்பி, ஒவ்வொரு குழியிலும் பூஞ்சை வித்துகளை இட்டு, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று சில நாட்கள் கழித்துப் பார்ப்பார்கள்.

கிடைக்கும் எண்ணை அப்படியே தீர்ப்பாகக் கொள்ள இயலாது. சிறுநீர்த் தொற்றின் பாக்டீரியாவுக்கு, ‘இதற்கு மேல் மருந்து கேட்காது’ என்னும் எல்லைக்கோடு உண்டு. மைக்ரோஸ்போரம் கேனிஸுக்கு அத்தகைய ஒப்புக்கொண்ட எல்லை இன்னும் வகுக்கப்படவில்லை. ஆகவே எல்லோருக்கும் இச்சோதனையை நான் எழுதுவதில்லை. சரியான மருந்தைச் சரியான அளவில், முழுக்காலமும் உட்கொண்டும் நோய் நீங்காதவர்களுக்கே அது உண்மையில் பயன்படும். மருந்து எதிர்ப்பு வெறும் கற்பனையன்று. டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத ட்ரைக்கோபைட்டன் இனமொன்றுக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘இண்டோடினியே’ என்று பெயரிட்டனர். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை அடக்கி நோயை உள்ளே வளர்ப்பதையும் நாள்தோறும் காண்கிறோம்.

பூனையைத் துரத்திவிட வேண்டியதில்லை. கால்நடை மருத்துவர் புதிய டூத்பிரஷ்ஷால் அதன் உடல் முழுவதும் வாரி, சிக்கிய முடியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார். தேவைப்பட்டால் மருந்தும் தருவார். உங்கள் மாத்திரையையோ களிம்பையோ அதற்குப் பயன்படுத்தாதீர்கள். பூசியதைப் பூனை நக்கிவிடும். உதிர்ந்த முடியில் இப்பூஞ்சையின் வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கக்கூடும் என்பதால், அது படுக்கும் துணிகளைத் துவைத்து, தரையையும் நாற்காலிகளையும் முடியின்றித் துடைத்து வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது இதுவரை பூசிய எல்லாக் களிம்புகளின் உறைகளையும் கொண்டு வாருங்கள். சோதனைக்குச் செதில் எடுக்கும் முன் களிம்பை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதை அவற்றைப் பார்த்தே சொல்ல இயலும்.