காமிராவுக்கும் ஒரு தராசு உண்டு

நமது கடைத் தராசு 50 கிராம் கூட்டிக் காட்டினால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். குறைத்துக் காட்டினால் நமக்கு நஷ்டம். அதனால்தான் குறித்த காலத்தில் தராசுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை போட்டு வாங்குகிறோம். பழைய பிலிம் காமிராவுக்குள்ளும் இப்படி ஒரு தராசு இருக்கிறது. அது நிறுப்பது வெளிச்சத்தை. அதற்கு ஒளிமானி என்று பெயர். அதற்கு முத்திரை போடுவார் யாரும் இல்லை. அது பொய் சொன்னது பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

இப்போது பிலிம் காமிரா மோகம் இளைஞர்களிடையே திரும்பி வந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் பரணில் கிடக்கும் காமிராவை எடுத்துத் துடைத்து, "இது வேலை செய்யுமா தாத்தா?" என்று கேட்கிறார்கள். பிலிமும் கழுவுகூலியும் விலை ஏறிக் கிடக்கும் காலம் இது. ஆகவே இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு வகை

பழைய சிறிய காமிராக்களில் ஒளிமானி பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது செலினியம். ஜப்பானில் 1961-ல் வந்த ஒலிம்பஸ் பென் இ.இ., 1967-ல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 ஆகியவை இந்த வகை. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போன்ற கண்ணாடி இருக்கும். அதன்மேல் வெளிச்சம் பட்டால் தானே சிறிதளவு மின்சாரம் உண்டாகும், பாட்டரி தேவையில்லை. ஆனால் ஈரம் இறங்கினாலோ, உள்ளே கம்பி இணைப்பு களிம்பு ஏறினாலோ மின்சாரம் குறையும். முள் சோர்ந்து, இருக்கும் வெளிச்சத்தைக் குறைத்துச் சொல்லும்.

இரண்டாவது காட்மியம் சல்பைடு. ஜெர்மனியின் ரோலை 35 (1966), ஜப்பானின் கேனனெட் கியூ.எல்.17 ஜி 3 (1972) போன்றவை இந்த வகை. வெளிச்சம் கூடினால் இதன் மின்தடை குறையும், முள் நகரும். இதற்குப் பாட்டரி கட்டாயம். சிக்கலும் அங்கேதான்.

பாட்டரி மாறினால் எடை மாறும்

இந்தக் காமிராக்கள் பி.எக்ஸ். 625 என்ற பாதரசப் பாட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அதன் அழுத்தம் 1.35 வோல்ட். தீரும் வரை அது அநேகமாக மாறாது. ஆனால் பாதரசம் விஷம். ஜப்பானில் மினமாட்டா ஊர் மக்கள் ஆலைக் கழிவில் வந்த பாதரசத்தால் பட்ட பாட்டை 1956 முதல் உலகம் அறியும். அமெரிக்கா 1996-ல் சட்டம் போட்டு இவ்வகைப் பொத்தான் பாட்டரிகளைத் தடுத்தது. 2013-ல் உலக நாடுகள் மினமாட்டா ஒப்பந்தம் செய்தன. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது. இது நியாயமான தடை. ஆனால் காமிராவின் எடைக்கல் போய்விட்டது.

அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பாட்டரி புதிதில் 1.5 வோல்ட். அழுத்தம் கூடுவதால் முள் அதிகம் நகரும். வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று நினைத்துக் காமிரா லென்ஸின் துவாரத்தைச் சுருக்கிவிடும். படம் இருண்டுவிடும். போதாததற்கு, ஆல்கலைன் அழுத்தம் நாளாக நாளாக இறங்கும். இன்றைய தவறு அடுத்த மாதம் வேறு அளவாகிவிடும்.

1998-ல் என் தகப்பனாரின் சதாபிஷேகத்தன்று நான் கண்டது இதைத்தான். பழைய பாட்டரி கிடைக்கவில்லை. கடைக்காரர், "அளவு சரியாக இருக்கிறது, இதையே போடுங்கள்" என்றார். 36 படமும் மங்கல். பெரியவரின் முகத்தில் கண் இருக்கும் இடம் வெறும் கருப்பு. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

சோதிப்பது எப்படி?

1. மேகமில்லாத நண்பகல் வெயிலில், வெயில் முதுகில் படும்படி நின்று பாருங்கள். ஏ.எஸ்.ஏ. 100 வைத்தால் 1/125 வினாடி, எஃப் 16 என்பதை ஒட்டிக் காட்ட வேண்டும். ஏ.எஸ்.ஏ. 400 என்றால் 1/500 வினாடி, எஃப் 16.

2. பிறகு நிழலிலும் பாருங்கள். தராசைச் சின்னக் கல்லிலும் பெரிய கல்லிலும் சோதிப்பது போலத்தான் இது. நல்ல நிலையிலுள்ள வேறொரு காமிராவுடனோ, கைபேசியின் ஒளிமானிச் செயலியுடனோ ஒப்பிடலாம்.

3. ட்ரிப் 35-ல் கண்ணாடியைக் கையால் மூடி அழுத்தினால் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஆனால் ஒளிமானிக்கு உயிர் இருக்கிறது என்று மட்டுமே பொருள். சரியாக நிறுக்கிறது என்று பொருளல்ல.

4. வெயிலிலும் நிழலிலும் ஒரே அளவு தவறினால் பயமில்லை. படம் பாதி வெளிச்சத்தில் விழுகிறது என்றால், 400 பிலிமுக்கு ஏ.எஸ்.ஏ. வளையத்தை 200-ல் வையுங்கள், சரியாகிவிடும். வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றுமாகத் தவறினால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அல்லது அந்த ஒளிமானியை நம்பாதீர்கள்.

5. காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாகக் காற்றுப் பாட்டரி சுமார் 1.4 வோல்ட், நிலையாக நிற்கும். சுற்றளவு சிறியது, வளையம் போட்டு வைக்க வேண்டும். மேலுள்ள காற்றுத் துளையை அடைக்கக் கூடாது. ஒட்டுத்தாளை உரித்துவிட்டால் சில வாரங்களே உழைக்கும் என்பதால் விசேஷத்துக்கு முன் புதிதாகப் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கலர் நெகட்டிவ் பிலிமுக்கு வெளிச்சத்தைச் சற்றுத் தாராளமாகவே கொடுங்கள். கூடினால் அது பொறுக்கும், குறைந்தால் பொறுக்காது.

எனக்குப் பாட்டரி கொடுத்தவர் ஏமாற்றவில்லை, அவருக்குத் தெரியாது. நாமும் கல்லாவில் உட்கார்ந்து, "அது இல்லை, இதுவும் அதேதான்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லுகிறோம்! சொல்லுமுன், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னால், யாரோ ஒருவர் வீட்டுப் படம் பிழைக்கும்.