பின்பக்கம் படுத்துப்போன அம்பாசிடர்: ஷாக் அப்சார்பரை மாத்தினா நிமிருமா?

உத்தர்பாரா ஆலையில் தயாரிப்பு நின்றது 2014-ல். ஆனாலும் அம்பாசிடரை விட மனசில்லாமல் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார், "பின்னாடி மூணு பேர் ஏறினா வண்டி படுத்துக்குது" என்பது. உடனே புது ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டுவார்கள். வண்டி அதே உயரத்தில்தான் நிற்கும்.

எடையைத் தாங்குவது எது?

அம்பாசிடரின் பின்பக்கத்தைத் தாங்குவது ஷாக் அல்ல, இரண்டு பக்கமும் வில் போல வளைந்திருக்கும் லீஃப் ஸ்பிரிங். பட்டறையில் 'பட்டை' என்பார்கள். பள்ளத்தில் இறங்கி ஏறிய பட்டை ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை.

டிக்கி மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் ஷாக் பரவாயில்லை. மூணு நாலு தடவை குதித்தால் ஷாக் போச்சு. ஆள் யாரும் ஏறாமல் சும்மா நிற்கும்போதே தாழ்ந்திருந்தால், பட்டை வளைவை இழந்துவிட்டது அல்லது உள்ளே ஒன்று உடைந்திருக்கிறது.

இது வெறும் தோற்றப் பிரச்சினை இல்லை. பின்பக்கம் தாழ்ந்தால் மூக்கு மேலே போகும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

ஹேண்ட் பிரேக்கை நம்பலாமா?

கூடாது. வீட்டில் இந்த வேலையைத் தொடங்குபவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். அம்பாசிடரில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. கியரும் பின்சக்கரத்தைத்தான் இழுக்கிறது. அந்தச் சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிவிட்டால், ஹேண்ட் பிரேக் போட்டாலும் கியரில் விட்டாலும் பயனில்லை. வண்டி முன்சக்கரத்தில் உருளும். எனவே சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைக்காமல் அடியில் தலையை விடக்கூடாது. ஸ்டாண்டு வைக்கும் இடம் துருப்பிடிக்காமல் கெட்டியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது நல்லது. செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும்.

கழற்றும்போது...

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கப் பட்டை ஆக்சிலை இடத்தில் வைத்திருக்கும். ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் அது தொங்கி, பிரேக் ரப்பர் குழாயை இழுத்துவிடும்.

பட்டையின் முன்முனை பாடியில் நிலையாக மாட்டப்பட்டிருக்கும். பின்முனை 'ஷாக்கிள்' என்ற ஊஞ்சல் போன்ற இணைப்பில் தொங்கும். எடை ஏறும்போது வளைவு நிமிர்ந்து பட்டை நீளும், அந்த நீளத்துக்கு இடம் தருவது ஷாக்கிள்தான். இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் நைந்தால் 'கடகட' சத்தம் வரும்.

புஷ் மாத்துவது வீட்டிலேயே முடியும். சோப்புத் தண்ணீர் தடவினால் உள்ளே போகும். கிரீஸ், ஆயில் கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ஷாக், யூ போல்ட் மாத்துவதும் கைக்கு எட்டும் வேலைதான். ஆனால் பட்டைக்கட்டைப் பிரித்து வளைவு ஏற்றுவதைப் பட்டறைக்கே விட்டுவிட வேண்டும். சென்டர் போல்ட்டை அவிழ்த்த நொடியில் பட்டைகள் தெறிக்கும். பக்கத்துக் கடையில் கேஸ் நெருப்பில் சூடாக்கி வளைத்தால், எஃகு விறைப்பை இழந்து கொஞ்ச நாளில் மறுபடியும் படுத்துவிடும். கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் உயரம் கிடைக்கும், கூடவே முதுகுவலியும். எதைச் செய்தாலும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒருபக்கம் சாயும்.

கடைசி முறுக்கு எப்போது?

மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையில் உள்ள துளையில் சரியாக உட்கார வேண்டும். தவறினால் ஆக்சில் கோணலாகி, வண்டி நண்டு மாதிரி போகும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

புஷ் போல்ட்டுகளை முழுசாக முறுக்குவது, சக்கரம் மாட்டி வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான். தொங்கும் நிலையிலேயே முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். புதுப் பட்டை படிந்து உட்காரும்போது அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஹெட்லைட்டையும் புது உயரத்துக்கு ஏற்ப இறக்கியோ ஏற்றியோ வைக்க வேண்டியிருக்கும்.