நினைவு நாளும் மற்ற நாட்களும்

இறந்த குழந்தையைக் குடும்பத்தின் கணக்கிலிருந்து நீக்கிவிடாமல் காக்கும் வழக்கத்திற்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி உள்ளிட்ட சென்னையின் மேற்குப் புறநகர்களில் நீண்ட வேர் உண்டு. தொண்டை மண்டலம் எனப்பட்ட இந்த வடதமிழகப் பகுதியில், சுமங்கலியாகவோ மணமாகாமலோ இறந்த வீட்டுப் பெண்ணைப் பூவாடைக்காரி என்னும் குடும்பத் தெய்வமாக வணங்குவது மரபு. இளவயதில் இறந்த ஆண்பிள்ளைகளுக்கும் சில குடும்பங்கள் இந்த இடத்தைத் தருகின்றன. வீட்டில் திருமணம் நிச்சயமானால் முதலில் பூவாடைக்காரிக்குப் படையல் போடப்படுகிறது. இறந்தவள் சிறுமி என்றால் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், பூ, அவளுக்குப் பிடித்த தின்பண்டம் ஆகியவற்றை வைத்து, பம்பையும் உடுக்கையும் ஒலிக்க அவளைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். உறவினர் ஒருவர் மேல் அவள் இறங்கிப் பேசுவதாக நம்பப்படும் அந்த நேரத்தில், “முன்ன நின்னு நடத்திக் குடும்மா” என்று வேண்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் அவளைத் தூக்கி வளர்த்தவர்களே. உயிரோடு இருந்திருந்தால் இன்று மணமகளுக்கு அக்காவாகவோ அத்தையாகவோ நின்றிருப்பவள், அந்த உறவுமுறையோடேயே அழைக்கப்படுகிறாள்.

இத்தகைய வழக்கங்களை அறியாமையின் எச்சம் என்று தள்ளுவது பிழை என்பதை உளவியலே பின்னாளில் ஒப்புக்கொண்டது. துயரத்தின் வேலை இறந்தவரிடமிருந்து மனத்தைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே என்று சிக்மண்ட் ஃபிராய்ட் 1917இல் எழுதிய கட்டுரை பல பத்தாண்டுகள் மருத்துவர்களை வழிநடத்தியது. ஆனால் 1920இல் மகள் சோஃபியையும் 1923இல் அவள் பெற்ற சிறுவனையும் நோய்க்குப் பறிகொடுத்த அதே ஃபிராய்ட், அந்த இழப்புக்கு ஈடு எதுவும் கிடைக்கப்போவதில்லை என்று 1929இல் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். குழந்தைகளை இழந்த பெற்றோரை நெடுங்காலம் ஆராய்ந்த டென்னிஸ் கிளாஸ் முதலியோர் 1996இல் வெளியிட்ட நூல், ‘தொடரும் பிணைப்பு’ என்னும் கருத்தை முன்வைத்தது. இறந்த குழந்தையோடு உள்ள உறவு முறிவதில்லை, அதன் வடிவம்தான் மாறுகிறது, அவ்வாறு மாறிய உறவோடு பெற்றோர் நலமாகவே வாழ முடியும் என்பது அதன் சாரம்.

அந்த உறவு வீட்டுச் சுவரைத் தாண்டி அறமாக மாறுவதும் உலகெங்கும் காணப்படுவதே. பதினைந்து வயது மகனை 1884இல் டைஃபாய்டு காய்ச்சலுக்குப் பலிகொடுத்த அமெரிக்கத் தம்பதியர் 1891இல் அவன் பெயரில் திறந்ததுதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். தங்கை புற்றுநோயால் வதைபட்டு இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடிய முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது. இத்தனை பெரிய செயல் எல்லோருக்கும் இயலாது. புறநகரின் சராசரிக் குடும்பம், குழந்தையின் பிறந்த நாளிலோ நினைவு நாளிலோ ஓர் ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுகிறது. திருவேற்காட்டில் ‘உதவும் கரங்கள்’ போன்ற இல்லங்கள் இருக்கும் இப்பகுதியில் இது வேரூன்றிய வழக்கம், மனமார்ந்த வழக்கமும்கூட. எனினும் நினைவுக்கு ஒரு நாள் போதும், தேவைக்கு ஆண்டு முழுவதும் நாட்கள் உண்டு என்ற வேறுபாட்டை இந்த வழக்கம் இன்னும் எதிர்கொள்ளவில்லை.

தேவை வந்த நொடியிலேயே கொடுத்த பெற்றோரும் தமிழ்நாட்டில் உண்டு. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் அசோகனும் புஷ்பாஞ்சலியும், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாக அளித்தனர். மூளைச்சாவு என்பது, கருவியின் துணையால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மூளையின் இயக்கம் மீட்க முடியாதபடி நின்றுவிடும் நிலை. காவல் துறை வழியெங்கும் போக்குவரத்தை நிறுத்திக் கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில் உள்ள ஃபிரன்டியர் லைஃப்லைன் மருத்துவமனைக்கு அந்த இதயம் ஏறத்தாழ 11 நிமிடங்களில் வந்து சேர்ந்து, ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்தப் பெற்றோரின் முடிவு தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தைப் பற்றிய பேச்சையே மாற்றியது. உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று மாநில அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது.

நோயால் இறக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த வழி பல நேரங்களில் அடைபட்டிருப்பது கொடுமையானது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இரத்தப் புற்றுநோய். அந்த நோயால் இறந்தவரின் கண்களைக்கூடக் கண் வங்கிகள் ஏற்பதில்லை. கொடுக்க மனமிருந்தும் கொடுக்க முடியாமல் நிற்கும் அந்தக் குடும்பங்களுக்கு, நோய்க்காலத்தில் தங்கள் பிள்ளை எதை நம்பி இருந்தது என்பதிலேயே வழி இருக்கிறது.

தீவிரச் சிகிச்சையின்போது, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்து, ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும் குழந்தைக்குப் பிறரது தட்டணுக்களை ஏற்ற வேண்டியிருக்கும். சிவப்பணுக்களைக் குளிர்பதனப் பெட்டியில் ஐந்து வாரங்களுக்கு மேலும் வைக்கலாம். தட்டணுக்களோ அறை வெப்பத்தில், இடைவிடாமல் மெல்ல அசைக்கும் கருவியில் வைத்திருந்தாலும் ஐந்து நாட்களே தாங்கும். நினைவு நாளன்று நூறு பேரைத் திரட்டி முகாம் நடத்துவது நல்ல செயல்தான் என்றாலும், அன்று கிடைத்த தட்டணுக்கள் ஆறாம் நாளில் எந்தக் குழந்தைக்கும் உதவா. அதே நூறு பேரின் பெயர், இரத்த வகை, கைபேசி எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, வாரத்துக்கு இருவர் வீதம் முறைவைத்து இரத்த வங்கிக்கு அனுப்பினால் ஆண்டு முழுவதற்கும் ஆள் இருக்கும். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் இரத்தம் கொடுக்கலாம் என்பதே விதி.

பணமாகக் கொடுக்க விரும்புவோர் பார்க்கத் தவறும் இடம் ஒன்றுண்டு. அரசு மருத்துவமனையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை ஏற்றாலும், ஆவடியிலிருந்து ரயிலில் சென்ட்ரலுக்கும் அங்கிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அலையும் தாயின் பயணத்தையும், வெளியில் வாங்கும் சாப்பாட்டையும், தந்தை இழக்கும் தினக்கூலியையும் எந்தத் திட்டமும் முழுமையாக ஈடுகட்டுவதில்லை. கிருமித் தொற்றுக்கு அஞ்சி, நெரிசலான வண்டியைத் தவிர்த்து ஆட்டோ பிடிக்க வேண்டிய நாட்களும் உண்டு. ஒரு லட்சம் ரூபாயை நிலை வைப்புத்தொகையாக வைத்தால், ஆறு விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மாதம் 500 ரூபாய், ஒரு பிள்ளையின் போக்குவரத்துக்குக் கிடைக்கும். இதற்கெனத் தனி அறக்கட்டளையைப் பதிவுசெய்து ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை செய்யும் சுமை தேவையில்லை. நம்பகமான தொண்டு நிறுவனம் ஒன்றிடம் குழந்தையின் பெயரில் நிதியை ஒப்படைத்தாலே போதும்.

நிதி யாருக்கு என்று முடிவெடுக்கும்போது, இறந்த குழந்தையின் அண்ணனையும் தங்கையையும் அருகில் உட்காரவைத்துக்கொள்வது அவசியம். நோய்க்காலம் முழுவதும் உறவினர் வீட்டில் விடப்பட்டு, நடந்தது எதுவும் சொல்லப்படாமல் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பெற்றோருக்குப் பிறகு அந்தப் பெயரைத் தாங்கப்போகிறவர்களும் அவர்களே. விலைவாசி ஏறும்போது வட்டியில் ஒரு பங்கை அசலோடு சேர்க்க வேண்டும் என்பதைத் தொண்டு நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். குழந்தையைக் கொண்டுபோன நோய் பிற்காலத்தில் எளிதாகக் குணப்படுத்தக்கூடியதாக மாறினால் பணம் எந்த நோய்க்குச் செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையையும் அதே தாளில் அந்தப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்.