அயர்லாந்தின் ஊர்க்கொல்லரும் உலைக்களமும்

தொழில் மறைந்த பின்னரும் அதன் சொல் எவ்வாறு நிலைபெறுகின்றது என ஆராய்வார்க்கு அயர்லாந்தின் கேவன் மாவட்டம் நல்லதொரு சான்றாகும். ஐரிஷ் மொழியில் கொல்லனைக் 'கௌவா' என்பர். 'மாக் கௌன்' என்பது கொல்லன் மகன் எனப் பொருள்படும் குடிப்பெயர். ஆங்கிலம் மேலோங்கிய காலத்தில் கேவனில் அக்குடியினர் பலர் தம் பெயரை 'ஸ்மித்' என மாற்றிக் கொண்டனர். பொருள் எஞ்சியது, ஒலி மறைந்தது. ஆதலின், ஸ்மித் என்னும் பெயர் கண்ட அளவிலேயே ஆங்கிலக் குடியெனத் துணிதல் பிழையாகும்.

அந்நாட்டு ஊர்க்கொல்லன் குதிரைக்கு லாடம் கட்டினான். கலப்பைக் கொழுவைத் தீட்டினான். வண்டிச் சக்கரத்திற்குப் பட்டை பூட்டினான். பட்டையின் சுற்றளவைச் சக்கரத்தினும் சிறிது குறைத்தே அமைப்பர். தீயிற் காய்ச்ச அது விரியும். மரச் சக்கரத்தில் மாட்டி நீர் வார்க்கச் சுருங்கி இறுகும். ஆணியினும் இவ்விறுக்கமே சக்கரத்தைக் காத்தது. 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது மக்கள் ஏந்திய ஈட்டிகளும் இத்தகைய உலைக்களங்களில் வடிக்கப்பெற்றவையே.

இரும்பை இளக்கும் ஆற்றல் மந்திர ஆற்றலாகவும் கருதப்பட்டது. பழங்கதைகளில் கொய்ப்னியு என்னும் கொல்லத் தெய்வம் வருகின்றது. தூய பாட்ரிக்கின் பெயரால் வழங்கும் காப்புப் பாடலோ, கொல்லர்தம் மந்திரத்தினின்றும் காக்குமாறு இறைவனை வேண்டுகின்றது. அஞ்சப்பட்ட அக்கொல்லனின் உலைநீரே மருவைப் போக்கும் மருந்தெனவும் போற்றப்பட்டது. இவை முரண் போலத் தோன்றினும் முரணல்ல. ஊறு செய்ய வல்லதே நோய் தீர்க்கவும் வல்லது என்னும் ஒரே நம்பிக்கையின் இரு கூறுகள் எனக் கொள்கின்றோம்.

இவற்றை நாம் அறியத் துணைபுரிவோருள் பள்ளிச் சிறார் குறிப்பிடத்தக்கவர். 1935இல் அமைந்த ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையத்தின் முயற்சியால், 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 50,000 மாணாக்கர் தம் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதினர். ஊர்க்கொல்லரும் அவர்க்குத் தரப்பட்ட பொருள்களுள் ஒன்று. டிராக்டர் பெருகிக் குதிரையும் உலையும் அருகிய காலம் அதனை அடுத்தே வந்தது. தொகுப்புப் பணி சில பத்தாண்டுகள் தாழ்த்திருப்பின் அம்முதியோர் சொல் நமக்குக் கிட்டியிராது.

எனினும் அத்தொகுப்பு 26 மாவட்டங்களையே தழுவியது. வட அயர்லாந்தின் 6 மாவட்டங்கள் அதனுள் அடங்கவில்லை. அவற்றுள் ஒன்றாகிய டெரியிற் பிறந்த கவிஞர் சீமஸ் ஹீனி, 1969இல் வெளிவந்த தம் நூலில் ஊர்ப்புற உலைக்களம் ஒன்றைப் பாடுபொருளாக்கினார். சிறார் ஏடு எட்டாத நிலப்பகுதிக்குக் கவிஞர் பாட்டுச் சான்றாயிற்று. பாட்டு, தொகுப்பிற்கு ஈடாகாது. ஆயினும் தொகுப்பு இல்லாவிடத்து அதனை ஒதுக்கலும் ஆகாது என்பதே எம் கருத்து.