நிரம்பிய அணையும் ஆற்றோரக் கிராமங்களும்

மேட்டூரில் பேரணை இருக்கையில் இனி வெள்ளமேது என்று காவிரிக் கரையில் பலர் எண்ணுவதை நாம் காண்கிறோம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணை 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைத் தேக்க வல்லது. பெரிய அளவுதான். ஆயினும் வினாடிக்கு ஒரு இலட்சம் கன அடி வீதம் நீர் வருமாயின், ஒரே நாளில் 8.64 ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்துவிடும். அடிவரை வறண்ட நீர்த்தேக்கமும் பதினொரு நாட்களில் நிரம்பிவிடும் என்பது இதன் கணக்கு. நீர்மட்டம் 120 அடியை எட்டிய பின்னர், வருகிற நீர் முழுவதையும் வெளியேற்றுவதன்றி வேறு வழியில்லை. வெள்ளத்திற்கென்று முன்கூட்டியே இடம் காலி செய்து வைக்கலாமே எனலாம். ஆனால் அந்த நீரன்றோ குறுவைக்கும் சம்பாவுக்கும் உயிர்!

இவ்வெள்ளம் உள்ளூரில் ஒரு துளி மழையின்றியும் வரும். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரமும் நிரம்பினாலே போதும். முக்கொம்பில் உபரி நீர் கொள்ளிடத்தில் திருப்பப்படுகிறது. 2018 ஆகஸ்டில் அங்குள்ள மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் கடைக்கோடியில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு ஆகிய ஊர்களை நீர் சூழ்ந்தது.

நாலைந்து ஆண்டுகள் ஆறு வறண்டிருந்தால் படுகையில் வாழை வைக்கிறோம்; குடிசையும் போடுகிறோம். ஆறு தன் இடத்தை மறப்பதில்லை. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் வானத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அணையின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் நாள்தோறும் ஊர்ப் பலகையில் எழுதி வைக்கவேண்டும். மட்டம் 115 அடியைத் தாண்டியதுமே மாடுகளையும் பம்பு செட்டுகளையும் மேட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லித் தண்டோரா போடுவது நலம். நள்ளிரவில் மதகு திறந்தபின் அதற்கு நேரமிராது.